பளிங்கு மண்டபமும் ஐம்பத்து மூன்று பெயர்களும்

(மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட சங்க வகுப்பில் ஆற்றிய உரை)



இன்று நாம் எடுத்துக்கொண்டிருப்பது கடல் கடந்த விஷயம். இங்கிலாந்து தேசத்தின் தென்கரையில் பிரைட்டன் என்று ஒரு நகரம் இருக்கிறது. முதல் மகாயுத்தத்தின்போது, காயம்பட்ட இந்தியச் சிப்பாய்களை அந்த நகரத்து அரண்மனை ஒன்றில் படுக்கவைத்து வைத்தியம் செய்தார்கள். இறந்துபோனவர்களுக்கு ஒரு ஞாபகார்த்த மண்டபமும் கட்டினார்கள். அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறோம்.

"நடவுக்கும் அறுப்புக்கும் அல்லாடுகிற நமக்கு, ஷிப்டு மாற்றி ஷிப்டு உழைக்கிற நமக்கு, இங்கிலாந்து அரண்மனைக் கதை எதற்கு?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்குப் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

நமது வட்டாரத்தில் ஸ்தூபி எழுப்பத் தீர்மானித்திருக்கிறோம். கூலிப் போராட்டத்திலும் வேலைநிறுத்தத்திலும் உயிர்விட்ட பதினோரு பேருக்கு அந்த ஸ்தூபி. கல் வந்து இறங்கிவிட்டது. சென்ற வாரம் கமிட்டியில் விவாதம் நடந்தது. கல்தச்சர் எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி கேட்கிறார். உழைக்கிறவர் கேட்கிற நியாயமான கூலி. அதில் நமக்குத் தகராறு இல்லை. ஆனால் பதினோரு பெயர், பதினோரு ஊர், அவரவர் செய்த வேலை, இத்தனையும் வெட்டினால் கையில் உள்ள பணம் தீர்ந்துவிடும். ஆகவே சில தோழர்கள் சொன்னார்கள்: "தியாகிகள் நினைவாக என்று ஒரு வரி போதும். மிச்சப் பணத்தில் அடியிலே பளிங்கு பதித்துவிடலாம், பார்க்க லட்சணமாக இருக்கும்."

இன்னொரு சங்கடமும் உண்டு. பதினோரு பேரில் மூன்று பேருடைய சரியான பெயர் நம்மிடம் இல்லை. ஒரு தாயை அந்தக் காலத்து நோட்டீஸ் "தெற்குத் தெருக் கிழவி" என்று மட்டுமே குறிக்கிறது.

பளிங்கா, பெயரா? இதுதான் நம் முன்னால் இருக்கிற கேள்வி. பிரைட்டன் நகரத்துக் கதை இதற்கு விடை சொல்லும். கேளுங்கள்.

யார் வீட்டு அரண்மனை?

பிரைட்டன் அரண்மனைக்கு ராயல் பெவிலியன் என்று பெயர். நான்காம் ஜார்ஜ் மன்னன் இளவரசனாக இருந்த காலத்தில் தன் கேளிக்கைக்காகக் கட்டிக்கொண்டது. 1795-லேயே அந்த இளவரசனுக்கு ஆறு லட்சம் பவுனுக்கு மேல் கடன். குடிஜனங்கள் கொடுத்த வரிப்பணத்தைத் தின்று வளர்ந்த கடன் அது. 1815 முதல் 1823 வரை ஜான் நாஷ் என்ற சிற்பியைக் கொண்டு அரண்மனையை மாற்றிக் கட்டினார்கள். வெங்காயம் கவிழ்த்ததுபோல் கும்மட்டங்கள், மெலிந்து உயர்ந்த ஸ்தூபிகள். வெளியே இருந்து பார்த்தால் வடஇந்திய நவாபு மாளிகை. இந்தியாவைக் கண்ணால் பாராதவர்கள், இந்தியாவில் அடித்த கொள்ளை ஓங்கியிருந்த காலத்தில், இந்தியாவைப்போல் ஒரு விளையாட்டு வீடு கட்டிக்கொண்டார்கள்.

பக்கத்திலே ஒரு பெரிய கும்மட்டக் கட்டிடம். அது மனிதர்கள் வசிக்கக் கட்டியதல்ல. இளவரசனுடைய குதிரைகளைக் கட்டிவைத்த லாயம்!

பின்னால் வந்த விக்டோரியா ராணிக்கு இந்த அரண்மனை பிடிக்கவில்லை. 1850-ல் பிரைட்டன் நகரத்தார் ஐம்பதாயிரம் பவுனுக்கு மேல் கொடுத்து அதை வாங்கிக்கொண்டார்கள். அன்று முதல் அது நகரத்துச் சொத்து. ராஜா வீட்டுச் சொத்து அல்ல. இதை மறந்துவிடாதீர்கள், பிறகு உபயோகப்படும்.

வந்தவர்கள் யார்?

1914 ஆகஸ்ட் 4-ந் தேதி பிரிட்டன் யுத்தப் பிரகடனம் செய்தது. சந்தைக்கும் காலனிக்கும் ஏகாதிபத்தியங்கள் போட்ட சண்டை. இந்தியாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வைஸ்ராய் அறிவித்தார், இந்தியா யுத்தத்தில் இருந்தது, அவ்வளவுதான். செப்டம்பர் 26-ந் தேதி முதல் இந்தியப் பட்டாளங்கள் பிரான்சு தேசத்து மார்செய் துறைமுகத்தில் வந்து இறங்கின. லாகூர் டிவிஷன், மீரட் டிவிஷன் என்று அவற்றுக்குப் பெயர்.

பஞ்சாபின் விவசாயி, கார்வால் மலைவாசி, நேபாளத்துக் கூர்க்கா, எல்லைப்புறத்துப் பட்டாணி, பெரும்பாலும் இவர்கள்தான். சிப்பாய்க்கு மாதச் சம்பளம் பதினோரு ரூபாய். நிலம் போதாமலும், கடன் தாங்காமலும், மானம் மரியாதை என்ற நம்பிக்கையிலும் பட்டாளத்தில் சேர்ந்தவர்கள். உஷ்ண தேசத்துக்குத் தைத்த மெல்லிய காக்கி உடுப்போடு ஐரோப்பாவின் குளிர்காலத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். பதுங்குகுழியில் முழங்கால் மட்டும் சேறு. மேலே பீரங்கிக் குண்டு. அக்டோபரில் ஈப்ரு. 1915 மார்ச்சில் நவ்ஷாப்பேல்; அந்த மூன்று நாள் சண்டையில் இந்தியப் படையில் மட்டும் நாலாயிரம் பேருக்கு மேல் செத்தார்கள் அல்லது காயப்பட்டார்கள். ஏப்ரலில் மறுபடியும் ஈப்ரு, அப்போது விஷவாயு.

யுத்தம் முடிகிற வரைக்கும் இந்தியாவிலிருந்து போனவர்கள் பதின்மூன்று லட்சத்துக்கு மேல். திரும்பாதவர்கள் எழுபத்து நாலாயிரத்துக்கு மேல். இது போதாதென்று 1917-ல் இந்தியாவின் பெயரால் பத்துக் கோடி பவுன் யுத்தத்துக்கு "நன்கொடை" எழுதிக்கொடுத்தார்கள். கொடுத்த கை வைஸ்ராயின் கை. பணம் குடியானவன் பணம்.

அரண்மனைக்குள்ளே

காயம்பட்டவர்களைக் கப்பலில் ஏற்றி இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார்கள். 1914 டிசம்பரில் பிரைட்டன் அரண்மனை ஆஸ்பத்திரியாயிற்று. எழுநூறு படுக்கைகளுக்கு மேல். சரவிளக்குத் தொங்கிய கூடங்களில் கட்டில் போட்டார்கள். ராஜா வீட்டுப் பெரிய சமையலறை ரண சிகிச்சைக் கூடமாயிற்று. பழைய குதிரை லாயத்துக் கும்மட்டத்தின் கீழே வரிசை வரிசையாகச் சிப்பாய்கள் படுத்திருந்தார்கள். இந்த அரண்மனையில் மட்டும் ஆயிரக்கணக்கான பேர் சிகிச்சை பெற்றார்கள்.

வைத்தியம் மோசம் என்று நாம் சொல்ல மாட்டோம். உண்மையைச் சொல்லவேண்டும்: வைத்தியம் நல்ல வைத்தியம். டாக்டர்கள் பாடுபட்டார்கள். நகரத்து ஜனங்கள் கூட்டம் கூட்டமாய் வந்து கையாட்டினார்கள். பழமும் சிகரெட்டும் கொடுத்தார்கள். அந்த ஊர்ச் சாதாரண ஜனங்கள்மேல் நமக்கு வருத்தம் எதுவும் இல்லை.

ஆனால் சர்க்கார் இதைச் சும்மா செய்யவில்லை. "சக்கரவர்த்தி தம் சொந்த அரண்மனையை உங்களுக்காகத் திறந்துவிட்டார்" என்று சிப்பாய்களிடம் பரப்பினார்கள். ஆங்கிலத்திலும் உருதுவிலும் குர்முகியிலும் 1915-ல் புத்தகமே அச்சடித்தார்கள். புகைப்படம் எடுத்து இந்தியாவுக்கு அனுப்பினார்கள். சக்கரவர்த்தியின் அரண்மனை! அறுபத்தைந்து வருஷத்துக்கு முன்பே விற்றுப் பணம் வாங்கிய அரண்மனை!

சரி, மற்றோர் ஆஸ்பத்திரியைப் பாருங்கள். அதே ஊரில் ஏழைகள் விடுதி ஒன்று இருந்தது. வக்கற்ற கிழவர்களையும் அநாதைகளையும் அடைத்து, வேலை வாங்கிக்கொண்டு கஞ்சி ஊற்றுகிற இடம். அந்த ஏழைகளை வெளியேற்றிவிட்டு, யுத்த மந்திரி கிச்சனர் பெயரால் அங்கேயும் இந்தியச் சிப்பாய்களுக்கு ஆஸ்பத்திரி வைத்தார்கள். இங்கிலாந்து ஏழை எழுந்துபோன கட்டிலில் இந்திய ஏழை படுத்தான். இதைப் பற்றிப் புத்தகம் அச்சடிக்கவில்லை!

அரண்மனையில் ஒன்பது அடுப்படிகள் வைத்தார்கள். இந்துவுக்கு ஒரு தண்ணீர்க் குழாய், முஸ்லிமுக்கு ஒரு தண்ணீர்க் குழாய். மாமிசம் அறுக்க வேறு வேறு இடம். மதத்துக்கு மரியாதை என்றார்கள். நம்பிக்கைக்கு மரியாதை வேண்டியதுதான். ஆனால் 1857-ன் பயம் அவர்களை விடவில்லை. சாதிக்கு ஓர் அடுப்பு, மதத்துக்கு ஒரு குழாய் என்று பிரித்துப் பிரித்து வைத்தால்தான் பட்டாளம் கையில் நிற்கும் என்பது அவர்கள் படித்த பாடம்.

முள்வேலி

அரண்மனைக்குள் படுக்கை உண்டு. வெளியே போக இஷ்டம் உண்டா? இல்லை. காவலாள் இல்லாமல் தெருவில் கால் வைக்கக் கூடாது. கிச்சனர் ஆஸ்பத்திரியைச் சுற்றி முள்கம்பி போட்டார்கள். பிரான்சில் ஜெர்மானியனைத் தடுக்க முள்கம்பி. இங்கிலாந்தில் தங்களுக்காகக் காயப்பட்டவனைத் தடுக்கவும் முள்கம்பி! வெள்ளைக்கார நர்சு ஒருத்தி இந்தியச் சிப்பாயின் கட்டிலருகே நிற்கிற படம் பத்திரிகையில் வந்ததும் ராணுவ அதிகாரம் பதறிப்போயிற்று. 1915-ல் இந்தியர்களுக்குப் பணிவிடை செய்வதிலிருந்து ஆங்கில நர்சுகளை விலக்கினார்கள்.

கிச்சனர் ஆஸ்பத்திரியில் கட்டுக்காவல் எவ்வளவு கடுமை என்றால், அங்கே வேலை பார்த்த இந்திய உதவி டாக்டர் ஒருவர் பொறுக்கமாட்டாமல் தலைமை அதிகாரியைச் சுடப் பார்த்தார். ராணுவ நீதிமன்றம் அவருக்குச் சிறை கொடுத்தது. துப்பாக்கியால் விடிவு வராது. ஆனால் படித்த ஒரு மனிதரை அந்த நிலைக்குத் தள்ளியது எது என்று கேட்காமல் இருக்க முடியுமா?

சந்தேகமோ சந்தேகம். கையில் காயம்பட்டு வந்தவனைப் பார்த்து, "யுத்தத்துக்குப் பயந்து நீயே சுட்டுக்கொண்டாயா?" என்றார்கள். அதே தலைமை அதிகாரி ஆயிரம் காயங்களை ஆராய்ந்து பார்த்தார். அந்தச் சந்தேகத்துக்கு ஆதாரமில்லை என்று அவரே எழுதினார்.

சிப்பாய்கள் ஊருக்கு எழுதிய கடிதங்களை எல்லாம் தணிக்கை அதிகாரிகள் பிரித்தார்கள், மொழிபெயர்த்தார்கள், மேலிடத்துக்கு அறிக்கை கொடுத்தார்கள். சிப்பாய்க்கு இது தெரியும். ஆகவே மறைபொருளில் எழுதினான். இந்தியனைக் கறுப்பு மிளகு என்றான். வெள்ளையனைச் சிவப்பு மிளகாய் என்றான். கறுப்பு மிளகைத்தான் அதிகமாகச் செலவழிக்கிறார்கள் என்று ஊருக்குத் தெரிவித்தான். உளவறியப் பிரதி எடுத்த அந்தத் தாள்கள்தான், அதிகாரிகள் நினையாத விதமாக, அவனுடைய வாய்மொழியை இன்றைக்கும் நமக்குச் சொல்லுகின்றன.

மீர் தஸ்தின் வேண்டுகோள்

தோழர்களே, அந்தப் படுக்கைகளில் இருந்தவர்களில் ஒருவரைப் பார்ப்போம். ஜமேதார் மீர் தஸ்த். எல்லைப்புறத்து அப்ரீதிப் பட்டாணி. 1915 ஏப்ரல் 26-ந் தேதி ஈப்ருவில் விஷவாயு வந்தபோது, அதிகாரிகள் விழுந்த பிறகும் படைப்பிரிவைக் கட்டிக் காத்தவர். குண்டு மழையிலே எட்டு அதிகாரிகளைக் காப்பாற்றிக் கொண்டுவர உதவியவர். அவருடைய சகோதரர் மீர் மஸ்த் அதற்கு முந்தின மாதம் நவ்ஷாப்பேலில் ஜெர்மன் பக்கம் போய்விட்டார். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். அந்நியன் சண்டையில் அந்தப் பக்கம் ஒருவன், இந்தப் பக்கம் ஒருவன்.

1915 ஆகஸ்ட் 25-ந் தேதி ஐந்தாம் ஜார்ஜ் சக்கரவர்த்தி பிரைட்டன் அரண்மனைப் புல்தரைக்கு வந்தார். ராணுவத்திலேயே உயர்ந்த விருதான விக்டோரியா சிலுவையை மீர் தஸ்தின் மார்பில் குத்தினார். வாயு குடித்த நெஞ்சு அது. மூச்சு வாங்குகிறது.

அந்த நேரத்தில் மீர் தஸ்த் என்ன கேட்டார் தெரியுமா? நிலம் கேட்கவில்லை. பணம் கேட்கவில்லை. ஒரு தடவை காயப்பட்டவனை மறுபடியும் யுத்தகளத்துக்கு அனுப்பவேண்டாம் என்று கேட்டார்.

அந்த ஒரு வேண்டுகோளில் ஆஸ்பத்திரி முழுவதும் பேசியது. ஏனென்றால் அதுதான் அத்தனை சிப்பாய்களின் குறை. காயம் ஆறியதும் மறுபடி கப்பல், மறுபடி பதுங்குகுழி. மில்லிலே பெல்ட் அறுந்தால் தைத்து மாட்டுவதில்லையா? அப்படித்தான் மனிதனைத் தைத்து மாட்டினார்கள். அரண்மனை கொடுத்தவர்கள் அந்த வேண்டுகோளைக் கொடுத்தார்களா? 1915 கடைசியில் இந்தியக் காலாட்படையைப் பிரான்சிலிருந்து எடுத்தார்கள். வீட்டுக்கல்ல, மெசபடோமியா பாலைவனத்துக்கு! 1916 ஜனவரி கடைசியோடு அரண்மனை இந்தியர் ஆஸ்பத்திரியாக இருப்பது முடிந்தது.

சிதை எரிந்த மேடு

பிரைட்டன் ஆஸ்பத்திரிகளில் இறந்த முஸ்லிம் சிப்பாய்களை வோக்கிங் மசூதிக்கு அருகே அடக்கம் செய்தார்கள். இந்துக்களையும் சீக்கியர்களையும் ஊருக்கு வடக்கே, பேச்சம் கிராமத்து மேட்டிலே தகனம் செய்தார்கள். அவர்கள் ஐம்பத்து மூன்று பேர். சாம்பலைக் கடலில் கரைத்தார்கள். ஐந்து நதிகளின் நாட்டிலே பிறந்தவன் சாம்பல் இங்கிலீஷ் கால்வாயில் கரைந்தது.

சிதை எரிந்த அந்த இடத்திலே ஞாபகார்த்தச் சின்னம் வைக்கவேண்டும் என்று 1915-ல் யோசனை சொன்னவர்கள் இருவர். ஒருவர் இந்திய மருத்துவ சேவையைச் சேர்ந்த தாஸ் குப்தா. மற்றவர் பிரைட்டன் மேயர் ஜான் ஆட்டர். பம்பாயைச் சேர்ந்த ஹென்றிக்ஸ் என்ற இளைஞர் வரைபடம் போட்டார். சிசிலித் தீவிலிருந்து வெள்ளைப் பளிங்கு வந்தது. எட்டுத் தூண், மேலே ஒரு கும்மட்டம். இருபத்தொன்பது அடி உயரம். எரித்த மேடைகளின்மேல் கருங்கல் பாவினார்கள். சத்ரி என்று பெயர். குடை என்று அர்த்தம். செலவை லண்டனிலிருந்த இந்தியா ஆபீசும் பிரைட்டன் நகரசபையும் பங்கிட்டுக்கொண்டன. இந்தியா ஆபீஸ் பங்கு யார் பணம் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

1921 பிப்ரவரி 1-ந் தேதி வேல்ஸ் இளவரசர் வந்து திறந்துவைத்தார். கல்லிலே ஆங்கிலத்திலும் இந்திய மொழிகளிலும் எழுத்து வெட்டியிருந்தது. சக்கரவர்த்திக்காக உயிர்கொடுத்த இந்தியச் சிப்பாய்கள் நினைவாக என்று வெட்டியிருந்தது. சக்கரவர்த்தி இருக்கிறார் அந்தக் கல்லிலே. எரிந்தவர்கள்? ஒரு பெயர் கிடையாது. ஐம்பத்து மூன்றில் ஒன்றுகூடக் கிடையாது!

அதே வருஷம் அக்டோபர் 26-ந் தேதி அரண்மனையின் தெற்கு வாசலில் இந்தியா வாசல் என்று ஒரு தோரணவாயில். இந்திய மன்னர்களும் ஜனங்களும் பிரைட்டன் நகரத்துக்குக் கொடுத்த நன்றிப் பரிசாம். பாட்டியாலா மகாராஜா திறந்துவைத்தார். உயிரைக் கொடுத்தவன் இந்தியன். நன்றி சொல்லவேண்டியவனும் இந்தியனா?

அதே 1921

அந்த வருஷத்தைக் கொஞ்சம் நினைத்துப்பாருங்கள். சிப்பாயை அதிகமாகக் கொடுத்த மாகாணம் பஞ்சாப். அந்தப் பஞ்சாபுக்குக் கிடைத்த பரிசு என்ன? 1919 ஏப்ரல் 13-ந் தேதி ஜாலியன்வாலா பாக்! ஜெனரல் டயர் ஐம்பது சிப்பாய்களைக் கொண்டு 1,650 தடவை சுடவைத்தான். சர்க்கார் கணக்கே 379 பிணம். சுட்டவர்களும் இந்தியப் பட்டாளத்துக்காரர்களே. சொந்த நாட்டு ஏழையின்மேல் சுட்டார்கள். பிரைட்டனில் ஒன்பது அடுப்பு வைத்தவர்களுடைய கெட்டிக்காரத்தனம் அமிர்தசரசில் எதற்குப் பயன்பட்டது பார்த்தீர்களா?

நம் சென்னையிலும் அது 1921-தான். பெரம்பூர் பக்கிங்காம், கர்நாட்டிக் மில் தொழிலாளர்கள் அப்போது வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். பட்டாளத்துக்குக் காக்கி நெய்து கொடுத்துப் பெயரெடுத்த மில் அது. ஆகஸ்ட் 29-ந் தேதி போலீசார் சுட்டார்கள், தொழிலாளர்கள் மடிந்தார்கள். சாதியின் வழியாக அந்த வேலைநிறுத்தம் பிளந்தது. புளியந்தோப்பில் ஏழை குடிசையை ஏழை கொளுத்தினான். அங்கேயும் ஒன்பது அடுப்புதான்.

சத்ரியைத் திறந்துவைத்த அதே வேல்ஸ் இளவரசர் 1921 நவம்பர் 17-ந் தேதி பம்பாயில் வந்து இறங்கினார். ஹர்த்தால்! 1922 ஜனவரியில் சென்னைக்கு வந்தபோதும் கடையடைப்பு. அந்தப் பகிஷ்காரத்தில் முன்னால் நின்றவர் தோழர் சிங்காரவேலர். பளிங்கைக் காட்டி ஜனங்களை மயக்க முடியவில்லை.

எண்பத்தொன்பது வருஷம்

பிறகு சத்ரி என்னவாயிற்று? பராமரிப்பு குறைந்தது. இரண்டாவது மகாயுத்தத்தில் அந்த மேட்டை ராணுவப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டார்கள். பயிற்சியிலே பாய்ந்த துப்பாக்கிக் குண்டுகள் பளிங்கிலே பட்டுத் தழும்பாயின. யுத்தத்தில் செத்தவன் நினைவுக்கல்லையே சுட்டார்கள்! பிறகு செப்பனிட்டார்கள். 1951 முதல் 1999 வரை பழைய ராணுவத்தார் சங்கம் வருஷந்தோறும் அஞ்சலி நடத்தியது. அது நின்றதும், அங்கே குடியேறி வாழும் சீக்கியர் ஒருவர் முன்வந்து 2000 முதல் ஜூன் மாதந்தோறும் நடத்த ஆரம்பித்தார். ஊர் ஜனங்களும் மேடேறி வருகிறார்கள்.

2010 செப்டம்பர் 26-ந் தேதிதான், சத்ரிக்குப் பக்கத்திலே வேறொரு கல் வைத்து, அதிலே ஐம்பத்து மூன்று பெயர்களையும் வெட்டினார்கள். பளிங்கு மண்டபம் வந்து எண்பத்தொன்பது வருஷம் கழித்துப் பெயர் வந்தது! தாய் போய்விட்டாள். மனைவி போய்விட்டாள். பிள்ளையும் போய்விட்டான். அதற்குப் பிறகு பெயர் வந்தது.

இது ஒரு மேட்டின் கதை மாத்திரம் அல்ல. ஈராக்கில் பாஸ்ரா நினைவுச் சின்னத்தில் அதிகாரிகளுக்குப் பெயர் வெட்டினார்கள். சாதாரண இந்தியச் சிப்பாய்க்கு வெறும் எண்ணிக்கை. 2021 ஏப்ரலில் காமன்வெல்த் போர்க் கல்லறைக் கமிஷனே ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. ஆசிய, ஆப்பிரிக்கச் சிப்பாய்களும் கூலியாட்களுமாகக் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயர் சொல்லி நினைவுகூரப்படவே இல்லை என்று அதன் அறிக்கை சொல்லுகிறது.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் வேலூரிலே நீண்ட கடைவீதியில் மணிக்கூண்டு இருக்கிறது. பார்த்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருப்பீர்கள். இந்த ஊரிலிருந்து 277 பேர் மகாயுத்தத்துக்குப் போனார்கள், 14 பேர் உயிர்விட்டார்கள் என்று கல்லிலே வெட்டியிருக்கிறது. கணக்கு இருக்கிறது. பெயர் இல்லை. பண்ணைக் கணக்குப்பிள்ளை "இன்றைக்கு ஆள் பதினாலு" என்று எழுதுகிறானே, அந்தக் கணக்கு.

ஒரு துப்புரவுத் தொழிலாளியின் கல்லறை

கடைசியாக ஒன்று. தென் இங்கிலாந்திலே பிராக்கன்ஹர்ஸ்ட் என்று ஒரு கிராமம். அங்கேயும் இந்தியச் சிப்பாய்களுக்கு ஆஸ்பத்திரி இருந்தது. அந்த ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்த்தவர் சுக்கா. பரேலி ஊர்க்காரர். 1915 ஜனவரியில் இறந்துபோனார். தீண்டாதவர் என்று ஒதுக்கப்பட்ட சாதி. இந்துக்கள் தங்கள் சிதை மேடையில் வைக்கச் சம்மதிக்கவில்லை; முஸ்லிம் இல்லை என்று மசூதிக்காரர்களும் ஏற்கவில்லை என்று அந்த ஊரில் சொல்லி வருகிறார்கள். ஏழு கடல் தாண்டிப் போனபோதும் சேரி கூடவே போயிற்று, பிணத்துக்கும்!

அப்போது அந்தக் கிராமத்துப் பாதிரியார், எங்கள் மாதாகோயில் மண்ணிலே இடம் உண்டு என்றார். அடக்கம் செய்தார்கள். கிராமத்து ஜனங்கள் காசு சேர்த்துக் கல் வைத்தார்கள். அந்தக் கல்லிலே சுக்காவின் பெயர் இருக்கிறது. ஊர் இருக்கிறது. என்ன வேலை செய்தார் என்று இருக்கிறது. எதற்காக வந்தார் என்று இருக்கிறது.

சாம்ராஜ்யம் ஐம்பத்து மூன்று பேருக்குச் செய்யாததை, ஒரு கிராமத்து ஜனங்கள் ஒரு துப்புரவுத் தொழிலாளிக்குச் செய்தார்கள். பளிங்கு இல்லை, கும்மட்டம் இல்லை, இளவரசர் வரவில்லை. பெயர் இருக்கிறது. அவருடைய மதமில்லை, மொழியில்லை, நாடில்லை. இருந்தும் மனிதன் என்று கண்டார்கள். சர்வதேசியம் என்று நாம் புத்தகத்தில் படிக்கிறோமே, அந்தக் கல்லில் அதைப் பார்க்கலாம்.

ஆகவே தோழர்களே

நினைவுச் சின்னம் எதைப் பார்த்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். யார் வைத்தது? யார் பணம்? யார் பெயர் இருக்கிறது? ஆளுகிறவர்கள் வைக்கிற சின்னத்தில் செத்தவன் பெயர் இருக்காது. செத்தது எதற்காக என்ற உண்மையும் இருக்காது. பெயர் இருந்தால் கேள்வி வரும். இவன் யார், இவன் தாய்க்கு என்ன கொடுத்தீர்கள், ஏன் மறுபடி அனுப்பினீர்கள் என்று கேள்வி வரும். எண்ணிக்கையைப் பார்த்து யாரும் அப்படிக் கேட்கமாட்டார்கள்.

நாமும் அதே காரியம் செய்யலாமா? உயிரோடு இருந்தபோது பண்ணைக் கணக்கில் "ஆள்" என்று இருந்தவர்கள், மில் கணக்கில் டோக்கன் நம்பராக இருந்தவர்கள் நம் பதினோரு பேர். செத்த பிறகு நம் கல்லிலும் அவர்கள் வெறும் "தியாகிகள்" தானா? பளிங்கு பதிக்காவிட்டால் ஸ்தூபி விழுந்துவிடாது. பெயர் இல்லாவிட்டால் அது ஸ்தூபியே அல்ல.

நம் யோசனை இது. பளிங்கு வேண்டாம். கருங்கல் போதும். பதினோரு பெயர், ஊர், செய்த வேலை, கேட்ட கோரிக்கை, இந்த நாலையும் வெட்டுவோம். எழுத்துக் கூலி குறைகிற அளவுக்கு வீட்டுக்கு வீடு வசூல் செய்வோம். ஆளுக்கு ஓர் எழுத்து ஏற்றுக்கொண்டால்கூடப் போதும். ஆலைவாசலிலும் களத்துமேட்டிலும் இந்த வாரமே ஆரம்பிக்கலாம்.

பெயர் தெரியாத மூவருக்காக மாதர் கமிட்டியிலிருந்து இரண்டு தோழியர்கள் பொறுப்பெடுக்கட்டும். தெற்குத் தெருவில் எண்பது வயதைத் தாண்டியவர்கள் இன்னும் நாலு பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் உட்காருங்கள். ரேஷன் கார்டு, பழைய வாக்காளர் பட்டியல், ஆஸ்பத்திரிச் சீட்டு, எது கிடைத்தாலும் பாருங்கள். அந்தத் தாய்க்கு அவள் தகப்பன் வைத்த பெயர் என்ன என்று கேளுங்கள். பிரைட்டனில் எண்பத்தொன்பது வருஷம் ஆயிற்று. நமக்கு அவ்வளவு அவகாசம் கிடையாது. தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

அந்தப் பெயர் கிடைக்கிற வரையில் கல்லிலே பதினோராவது வரியைக் காலியாக விட்டுவைப்போம். வேறு எதையும் போட்டு நிரப்பவேண்டாம். தேடவேண்டும் என்பதை அந்த இடமே நமக்கு நினைவுபடுத்தட்டும்.